முதல் படத்துக்கு முந்திய படம்

1998 மார்ச் 2, திங்கள்

இன்றைக்கு ஒரு மண்டையோட்டை அழகுபார்த்து வடிவாக்கி ஏச்சு வாங்கினேன்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமாகிறது. கொட்டாஞ்சேனையில் இருபது வருடமாகக் கல்யாண வீட்டுப் படமும் பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும் முதல்நன்மைப் படமும் எடுத்துக்கொண்டிருந்தவள் நான். ஸ்ரூடியோ முதலாளி கதவைப் பூட்டிக்கொண்டு கனடாவுக்குப் போய்விட்டார். இப்போது மருத்துவ பீடத்தில் எலும்புகளுக்குப் படம் எடுக்கிறேன். மாணவர்களுக்குத் திரையில் காட்ட ஸ்லைட் வேண்டுமாம். தற்காலிக வேலைதான். என் கெட்டித்தனத்தைப் பார்த்து நிரந்தரமாக்குவார்களா என்று பார்ப்போம்.

எலும்புப் பாடம் எடுப்பவர் டொக்டர் ஹபீலா. வயதில் எனக்கு எவ்வளவோ இளையவர். ஒரு எலும்பைக் கையில் எடுத்தால் ஆணா பெண்ணா, என்ன வயது, எங்கே அடி விழுந்தது என்றெல்லாம் சொல்லிவிடுவார்.

கறுப்புத் துணி விரித்து மண்டையோட்டை வைத்தேன். இடது பக்கத்தில் ஒரு வெடிப்பு. யாராயிருந்தாலும் அந்தப் பக்கத்தைப் படத்தில் காட்டுவோமா? வலது பக்கம் திருப்பி, தாடையைக் கொஞ்சம் நிமிர்த்தி, லைட்டைப் பக்கத்தில் வைத்தேன். கன்ன எலும்பில் நல்ல மினுக்கம் வந்தது. பாவம், உயிரோடு இருந்த காலத்தில் இவ்வளவு வடிவாக ஒரு படம் எடுத்திருப்பாரா தெரியாது.

ஹபீலா எட்டிப் பார்த்தார். "அக்கா, இவருக்குப் பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"ஏன் டொக்டர்?"

"அந்த வெடிப்புக்காகத்தானே இவர வெச்சிக்கிறோம். அதுதான் பாடம். நீங்க அத மறச்சிட்டீங்களே!"

பிறகு சிரித்துச் சிரித்து விளக்கினார். காதுத் துவாரத்தின் மேல்விளிம்பும் கண்குழியின் கீழ்விளிம்பும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். பக்கத்தில் அளவுகோல் வைக்க வேண்டும். வெளியில், எலும்பு கிடந்த இடத்திலேயே எடுப்பதென்றால் வடக்கைக் காட்ட ஓர் அம்புக்குறி. நல்ல பக்கம் கெட்ட பக்கம் என்ற கதையே இல்லை.

வீட்டுக்கு வந்து என் கணவர் பற்றிக்கிடம் சொன்னேன். இந்த மனுசன் துறைமுகத்தில் கிளார்க். புயல் மழையிலும் கப்பலில் ஏறி இறங்குகிறவர். என் கமராப் பையைத் தொட மாட்டார்.

"அதக் குசினிக்குள்ள கொண்டு வராத பிறிஜெற். நான் இன்னும் சாப்பிடேல்ல."

மார்ச் 4, புதன்

பற்றிக் கமராப் பைக்குத் தீர்த்தம் தெளித்திருக்கிறார். லென்சில் ஒரு சொட்டு. தவசு காலம் என்றபடியால் தப்பினார்.

மார்ச் 11, புதன்

ஸ்லைட் கழுவுவது வெள்ளவத்தையில், நிலாமின் லாப்பில். போய் எடுத்துக்கொண்டு வரும்போது காலி வீதி செக்பொயின்ற்றில் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். ஐடென்ரிற்றி காட்டியாயிற்று. பைக்குள் கமரா. போதாததற்கு ஒரு பெட்டி ஸ்லைட். அந்த ஆமிப் பொடியன் ஒன்றை எடுத்து வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான்.

"மே மொனவத நோனா?" இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான்.

"தத், மல்லி" என்றேன். பல்லுத்தான் தம்பி, வேறென்ன.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபோது முன்பல் பாதி இல்லை என்று தெரிந்தது, சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டான். ஸ்ரூடியோவில் என்றால் நெகற்றிவ்வில் பென்சிலால் அந்தப் பல்லை நிரப்பிக் கொடுத்திருப்பேன். எத்தனை பேருக்குப் பல் கட்டியிருக்கிறேன். எத்தனை மறு, எத்தனை அம்மைத் தழும்பு. கொட்டாஞ்சேனையில் பாதிப் பேர் படத்தில் நேரில் இருப்பதைவிட வடிவு. அதற்கு நான்தான் காரணம் என்று அவர்களுக்கே தெரியாது.

மார்ச் 19, வியாழன்

ஐறீன் அழுதுகொண்டு வந்தாள். முகத்துவாரத்தில் இருக்கிறவள். அவளுக்கும் கிளறன்சுக்கும் நான்தான் கல்யாணப் படம் எடுத்தது. கிளறன்ஸ் கடற்றொழில். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மறு, படத்தில் அதை அழித்து அவனைச் சினிமாக்காரன் மாதிரி ஆக்கிவிட்டிருந்தேன். ஐறீனுக்கு இப்போது ஆறு மாதம். குழந்தை வருவதற்குள் வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு கக்கூஸ் கட்ட வேண்டும் என்று கிளறன்ஸ் குழி வெட்டியிருக்கிறான். வெட்ட வெட்ட எலும்பு வந்ததாம். மனுச எலும்பு.

அவனே ஓடிப்போய்ப் பொலிசில் சொல்லியிருக்கிறான். அவனையே பிடித்து வைத்துவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பக்கத்தில் ஒருவர் காணாமல் போனாராம். அவரை இவன் கொன்று மண்ணுக்குள் தாட்டு வைத்திருக்கிறான் என்று சந்தேகம்.

"அன்ரி, தாட்டவன் தானே போய்ச் சொல்லுவானா? அவங்களுக்கு அது விளங்குதில்லை. தமிழ்ப் பெடியன், வீட்டுக்குப் பின்னால எலும்பு. வேற என்ன வேணும் அவங்களுக்கு?"

ஏப்ரல் மூன்றாம் தேதி கோடு, நீதவானுக்கு முன்னால் விசாரணை. அதுவரை மறியலில், சிறைக்குள்தான் இருக்க வேண்டும். அதற்குள் இது என்ன எலும்பு என்று தெளிவாகாவிட்டால் கேஸ் மேலிடத்துக்குப் போய்விடும். மேலிடத்துக்குப் போனவர்கள் எப்போது திரும்பி வந்தார்கள் என்று ஐறீனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பின்னேரம் ஹபீலா சொன்னார், சட்ட வைத்திய அதிகாரி அவரை உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறாராம். நாளைக்கு முகத்துவாரம். நானும் போக வேண்டும்.

மாதாவே, அது மிகப் பழைய எலும்பாக இருக்க வேண்டும்.

மார்ச் 20, வெள்ளி

முதன்முதல் வெளிவேலை. நன்றாகத்தான் செய்தேன்.

கிளறன்சின் தகப்பன் வள்ளம் திருத்துகிறவர். முற்றம் முழுக்கப் பலகைத் துண்டும் வலையும் கறள் பிடித்த ஆணியும். நீதவானின் உத்தரவோடு அதிகாரி வந்தார், இன்ஸ்பெக்டர் வந்தார், தெரு முழுக்க வேலியில் தொங்கியது. ஹபீலா சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கித் தூரிகையால் மண்ணைத் தட்டத் தொடங்கினார். மெல்ல மெல்ல ஓர் ஆள் வெளியே வந்தார். நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார். கையெலும்புகள் நெஞ்சில்.

என்னையும் இறங்கச் சொன்னார்கள். குடையைப் பிடித்து அதன் நிழலில் பிலிம் மாட்டி, இரண்டு தட்டுத் தட்டி, ஒன்றாம் நம்பருக்குக் கொண்டு வந்து ஆயத்தமாக நின்றேன்.

"அக்கா, உள்ளது உள்ளபடி எடுங்க. நான் இன்ஸ்பெக்டரோட கதைச்சிட்டு வாறேன்."

உள்ளது உள்ளபடி என்றால்? எலும்பைச் சுற்றி ஒரே குப்பை. கறள் துண்டுகள் மண்ணில் குத்திக்கொண்டு நின்றன, வள்ளத்து ஆணிகள். மணப்பெண்ணின் சீலை மடிப்பைச் சரிசெய்யாமல் படம் எடுப்பேனா? கறள் துண்டுகளைப் பொறுக்கி ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டேன். தூரிகையால் மண்ணை ஒரே சீராகத் தடவிவிட்டேன். எலும்பை மட்டும் தொடவில்லை, அந்த அறிவு எனக்கு இருக்கிறது. அளவுகோல் வைத்து, அம்புக்குறி வைத்து, நாலு பக்கமும் எடுத்தேன். துப்புரவாக வந்திருக்கும்.

பற்றிக் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்திருந்தார். தலையில் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே வர விட்டார்.

மார்ச் 23, திங்கள்

எழுதக் கை வருகுதில்லை.

ஸ்லைட் வந்தது. ஹபீலா திரையில் போட்டார். வடிவான படங்கள். அப்படி ஒரு துப்புரவு. அடுத்ததைப் போட்டார். அடுத்தது. பிறகு கேட்டார்.

"ஆணியெல்லாம் எங்க அக்கா?"

"ஆணியோ?"

"துலக்கும்போது கண்டேனே. சுத்தி வர இருந்திச்சி. இந்தப் படத்துல ஒன்னும் இல்லியே."

நான் பொலித்தீன் பையை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்து அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

சவப்பெட்டி ஆணிகள். பலகை உக்கி மண்ணாகிவிட்டாலும் ஆணி அடித்த இடத்திலேயே நிற்குமாம். எலும்பைச் சுற்றி வரிசையாக ஆணி நின்றால் அங்கே ஒரு பெட்டி இருந்தது. பெட்டியில் வைத்தவரை யாரும் களவாகத் தாட்டதில்லை, ஊரறியப் புதைத்தது, பழைய சேமக்காலை, கல்லறைக் காணி. வேறொன்றும் வேண்டாம், கிளறன்ஸ் வீட்டுக்குப் போகலாம். ஆனால் பையில் கிடக்கும் ஆணி எதைச் சொல்லும்? அந்த முற்றத்தில் எங்கே தோண்டினாலும் ஆணிதான்.

"நீங்க கண்டதெண்டு சொல்லேலாதா டொக்டர்?"

"சொல்லலாம். எத்தின ஆணி, எங்கெங்க நின்டிச்சி என்டு கேட்டா? எலும்ப மட்டும் பாத்து இருவது வருசமா நூறு வருசமா என்டு சத்தியம் பண்ண என்னால ஏலா."

எலும்புகளையும் அன்றைக்கே எடுத்தாயிற்று. திரும்பப் போய் எடுக்க அங்கே ஒன்றுமில்லை.

அவர் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. வீட்டுக்குப் போகச் சொல்லி முச்சக்கரவண்டி பிடித்து ஏற்றிவிட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. என்ர கைக்கு என்ன வந்தது? ஏன் சும்மா இருக்கேலாமல் போச்சு? உள்ளது உள்ளபடி எண்டு தமிழிலதானே சொன்னவர்!

மார்ச் 24, செவ்வாய்

ஐறீன் வீட்டுக்குப் போனேன், சொல்லிவிட வேண்டும் என்று. அவள் எனக்கு மீன் பொரித்து வைத்திருந்தாள். "நீங்கதான் படம் எடுத்ததெண்டு கேட்டோடன எனக்கு நிம்மதி அன்ரி" என்றாள். சொல்ல முடியவில்லை. மீனைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 25, புதன்

இதை அவசரமாக எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு நேசமலரின் மகளுக்கு முதல்நன்மை வருகிறது, அதற்கு முன் வீட்டில் ஒரு படம் வேண்டுமென்று கேட்டிருந்தாள். மனமில்லாமல் போனேன். கமராவைத் திறந்து பிலிம் மாட்டினேன். மூடினேன். தட்டு, சுற்று, தட்டு, சுற்று. ஒன்றாம் நம்பர் வந்தது.

அங்கேயே நின்றுவிட்டேன்.

பிலிம் மாட்டும்போது வெளிச்சம் பட்ட துண்டைத் தாண்டுவதற்கு எல்லாரும் இரண்டு முறை சும்மா தட்டுவார்கள், லென்ஸ் மூடியைப் போட்டுக்கொண்டோ வானத்தைப் பார்த்தோ. எங்கள் முதலாளி அப்படி விட மாட்டார். "சும்மா தட்டினாலும் மணப்பெண்ணைப் பாத்துத் தட்டு, பிள்ளை. வந்தா லாபம்." இருபது வருடப் பழக்கம். என் கை, முன்னால் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்துத் தட்டிவிடும். கண் பார்ப்பதில்லை, கை தட்டும்.

வெள்ளிக்கிழமை குழிக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு தட்டினேன். குப்பையைப் பொறுக்குவதற்கு முன்னம்!

முன்னால் இருந்தது அந்த மனிதர். ஆணிகளோடு.

நேசமலர் பாவம், "என்ன அக்கா, பிள்ளையின்ர தலை நெட் சரியில்லையோ?" என்று கேட்டாள். பிள்ளையைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டு ஐந்து படம் எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை.

ஆனால் லாப்பில் ஒன்றாம் நம்பரிலிருந்துதான் வெட்டிச் சட்டம் போடுவார்கள். முன்துண்டை வெட்டி எறிந்துவிடுவார்கள்.

மார்ச் 26, வியாழன்

காலையில் கோட்டை ஸ்ரேசனிலிருந்து ரெயின் ஏறினேன். கடல் பக்கத்து யன்னல் கிடைத்தும் கடலைப் பார்க்கவில்லை. வெள்ளவத்தையில் இறங்கி லாப்புக்கு ஓடினேன். இந்த உடம்போடு ஓடியதை யாராவது தெரிந்தவர்கள் பார்த்திருக்கக் கூடாது.

நிலாம் அப்போதுதான் கதவு திறக்கிறார்.

"முன்துண்டா? அதெல்லாம் குப்பைக்குப் போயிரும் அக்கா."

படியிலேயே இருந்துவிட்டேன். உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். றலியா, நிலாமின் தங்கச்சி, ஸ்லைட் சட்டம் போடப் பழகுகிறவள்.

"நாநா, நான் எறியல்ல. சட்டம் போட்டுப் பழக எடுத்து வெச்சேன்."

பிஸ்கற் ரின் ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். கோணல் கோணலாகச் சட்டம் போட்ட வெட்டுத் துண்டுகள், ஒரு குவியல். மூன்று பேரும் நிலத்தில் இருந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பிடித்தோம். யாரோ ஒருவரின் காது, கேக்கின் மூலை, பாதி ஆனை. எல்லாருடைய முன்துண்டும் அங்கே இருந்தது. என்னுடையதைக் காணவில்லை.

"இது என்ன? செருப்பு ஒன்டு" என்றாள் றலியா.

பறித்தேன். வலது பக்கம் வெளிச்சம் பட்டு வெள்ளையாக எரிந்துவிட்டது. இடது பக்கம் தெளிவு. தோளிலிருந்து கால் வரை எலும்பு, அதற்குப் பக்கத்தில் ஒரே கோட்டில் ஆணி, ஆணி, ஆணி. தோளுக்கு நேரே அகன்று காலுக்கு நேரே ஒடுங்கி, பெட்டி மாதிரியே. கீழ் மூலையில் என்னுடைய றப்பர் செருப்பின் முன்பக்கமும் பெருவிரலும்.

றலியாவுக்கு என் மகளின் கல்யாணப் படத்தையே இலவசமாக எடுப்பேன் என்று சத்தியம் செய்தேன். அவளுடைய கல்யாணம் என்று சொல்ல வந்தது; எனக்கு மகள் இல்லை. அந்த நேரத்தில் அது ஞாபகம் வரவில்லை.

மார்ச் 27, வெள்ளி

ஹபீலா உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்த ஆணிகளைக் கொட்டி, வளைந்தது, தலை உடைந்தது என்று ஒவ்வொன்றாகப் படத்தோடு பொருத்தினார்.

"பாதிதானே டொக்டர் இருக்கு?"

"பெட்டிக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் அக்கா. ஆனா ஒரு கரைச்சல் ஈக்கு. அளவுகோல் இல்ல." திரும்பவும் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். "அதே செருப்பா இது?"

"ஓம்."

"கழட்டுங்க."

என் செருப்பைக் கறுப்புத் துணியில் வைத்து, அளவுகோல் வைத்து, நானே படம் எடுத்தேன். அது அறிக்கையில் போகிறது. நான் மாணவர்களின் ஆய்வுகூடச் செருப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். நான் கூட்டித் துடைத்ததையும் அறிக்கையில் எழுத வேண்டும், கோட்டில் கேட்டால் நானே சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் வேலை நிரந்தரமாகும் என்ற கதை அவ்வளவுதான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கிளறன்ஸ் வெளியே வரட்டும். வேலை கிடக்கட்டும்.

மார்ச் 29, ஞாயிறு

பூசை முடிய ஐறீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப வெள்ளிக்கிழமை சரிவருமோ அன்ரி?" என்று மட்டும் கேட்டாள். மீன் தரவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

கிளறன்ஸ் வீட்டுக்கு வந்துவிட்டான்!

ஒழுங்காக எழுதுகிறேன். முதலில் ஹபீலா சாட்சிக் கூட்டில் ஏறினார். ஆணிகள் நின்ற வரிசை, பெட்டி, நெஞ்சில் மடித்த கை, எல்லாவற்றையும் பாடம் மாதிரிச் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். நீதவான் கேட்டார்.

"மற்றப் படங்களில் ஆணி ஏன் இல்லை?"

"நான் பொறுக்கிப்போட்டேன் ஐயா. துப்புரவாக இருக்கட்டும் என்று. அது என் பிழை."

நீதவான் பாதி எரிந்த அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தப் படத்தை மட்டும் ஏன் அப்படி எடுத்தீர்கள்?"

"அதை நான் பார்த்து எடுக்கவில்லை ஐயா. பார்த்திருந்தால் அதையும் துப்புரவாக்கியிருப்பேன்."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்க முன்னமே தமிழ் விளங்கியவர்கள் சிரித்துவிட்டார்கள். நீதவான் சிரிக்கவில்லை. குனிந்து எழுதினார், ஆனால் தோள் ஆடியது. இன்ஸ்பெக்டரும் எழுந்து, பொலிசுக்கு ஆட்சேபனை இல்லை என்றார். காணாமல் போனவரைப் பற்றி விசாரணை தனியாக நடக்குமாம். அவருக்கும் எங்கேயோ ஒரு வீடு இருக்கும், அங்கேயும் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவருக்காக ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொன்னேன்.

வெளியே வந்ததும் ஐறீன் என்னைக் கட்டிப்பிடித்தாள். வயிற்றுக்குள் பிள்ளை எனக்கு ஓர் உதை விட்டது. சரி, வாங்க வேண்டியதுதான்.

ஏப்ரல் 18, சனி

எலும்புக்காரரைப் பாதர் மட்டக்குளிச் சேமக்காலையில் செபம் சொல்லிப் புதைத்தார். கிளறன்சே பெட்டி செய்தான். ஆணியெல்லாம் புதிது, நன்றாக நெருக்கி அடித்திருந்தான். "இனி யாரும் கிண்டினாலும் சந்தேகம் வரக் கூடாது அன்ரி."

பற்றிக்கும் வந்தார். மண்ணும் போட்டார்.

ஜூன் 5, வெள்ளி

ஹபீலாவின் புது வகுப்பு. விளக்கை அணைத்ததும் திரையில் முதல் ஸ்லைட்: பாதி எரிந்த படம், ஒரு வரிசை ஆணி, என் பெருவிரல்.

"இதுல என்ன ஈக்கு? எல்லாத்தையும் சொல்லுங்க. ஒன்டையும் உடாம."

ஒரு மாணவி, "ஒரு கால்விரல், நகம் வெட்டேல்ல" என்றாள். பின்னால் புரஜெக்டர் பக்கத்தில் இருட்டில் நின்றபடியால் என் மானம் தப்பியது.

வகுப்பு முடிய ஹபீலா சொன்னார், வேலையை இன்னும் ஒரு வருடத்துக்கு நீடித்திருக்கிறார்களாம். கூட்டத்தில் ஒருவர், செய்த பிழையைக் கோட்டிலே சொன்ன படக்காரியை வேறெங்கே தேடுவது என்று கேட்டாராம். நிரந்தரம் இல்லை. பரவாயில்லை, ஒரு வருடத்தில் எத்தனையோ எலும்பு வரும்.

ஐறீனுக்குப் பெண் பிள்ளை. புதன்கிழமை பிறந்தது.

ஜூலை 12, ஞாயிறு

ஐறீனின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். படம் நான்தான். வீட்டுக்குப் பின்னால் வெளிச்சம் நன்றாக இருந்தது, அங்கே நிற்கச் சொன்னேன். கமராக் கண்ணாடிக்குள் பார்த்தால் பிள்ளையின் தலைக்கு நேர்பின்னால் புதுக் கக்கூஸ். இன்னும் பூச்சுப் பூசவில்லை. குழியை மற்றப் பக்கத்தில் வெட்டினானாம், நண்டுக் கோதுதான் வந்ததாம்.

"கொஞ்சம் இடப்பக்கம் வாங்கோ" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அது வரட்டும் அன்ரி" என்றான் கிளறன்ஸ். "நான் மறியலுக்குப் போய்க் கட்டின கக்கூஸ்."

ஐறீன் பிள்ளையின் நெற்றியில் இருந்த வேர்க்குருவைக் காட்டினாள். "இத மட்டும் கழுவேக்க அழிச்சு விடுங்கோ. அவரின்ர மறுவையும்."

பற்றிக் என் கமராப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படத்தின் ஓரத்தில் நின்றார், தான் வருகிறது தெரியாமல். நிலத்தில் இரண்டு வள்ளத்து ஆணி. கயிற்றில் தோய்த்த பிள்ளைத் துணி. வேர்க்குரு, மறு, கக்கூஸ், பற்றிக்கின் தொந்தி.

ஒன்றையும் அசைக்கவில்லை. தட்டினேன்.